அத்தைக்கு ஊர் சுற்றிக் காட்டிய புரட்டாசி

1

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் இலவச வாரப் பத்திரிகை நடுப்பக்கம் முழுவதையும் ஊர் சுற்றுவதற்கு ஒதுக்கிவிடும். மாசசூசெட்ஸ் என்கிற இந்த மாநிலத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. நடுவில் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களெல்லாம் அந்தப் பக்கத்தில் வந்து கூவும். ஆப்பிள் பழுத்துவிட்டது, பறிக்க வாருங்கள். கலங்கரை விளக்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறோம், படியேறுங்கள். பூசணிக்காயை எடை போடப்போகிறோம், பார்க்க வாருங்கள். மலையில் இலை சிவந்துவிட்டது, ரயிலில் உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். குளிர் வந்து கதவைச் சாத்துவதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று ஊரே பரபரக்கும்.

நீங்கள் திருச்சியில் புரட்டாசி வந்தும் குறையாத வெயிலைத் திட்டிக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இதைப் படிப்பீர்கள். கொடுத்துவைத்தவள் என்று என்னைப் பற்றி நினைப்பீர்கள். பொன்மலையில் இருந்தவரை வெளிநாட்டுக்காரர்களைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வருடம் அந்தப் பத்திரிகை வந்ததும் நடுப்பக்கத்தைப் பிரிக்காமலே பழைய பேப்பரோடு போட்டேன். என் கணவர் முரளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போன வருடம் இதே நாட்களில் அந்தப் பக்கத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு சனி ஞாயிறு விடாமல் என் மாமியாரை ஊர் ஊராகக் கூட்டிப் போனோம். ஊர் காட்டும் ஆசையில் போகவில்லை. துறையூரில் அவருடைய தம்பி இறந்துபோயிருந்தார். அது அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் போனோம்.

2

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பெயர் சரோஜா. மாமனார் போன பிறகு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். அவருக்கு உடன்பிறந்தவர் ஒரே தம்பி, ரத்தினம் மாமா. துறையூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே விதைக்கடை வைத்திருந்தார். அக்காவும் தம்பியும் தினமும் போனில் பேசுவார்கள். பக்கத்தில் இருந்து கேட்டால் சண்டை என்றே நினைப்பீர்கள். கத்தரிக்காய் விலையில் ஆரம்பித்து சீரியல் மருமகள் வரைக்கும் எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். சண்டை முடியாமலே போனை வைப்பார்கள், மறுநாள் விட்ட இடத்தில் தொடர்வார்கள்.

புரட்டாசி சனிக்கிழமைகளில் மாமா முதல் பஸ்ஸில் கிளம்பி, திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஸ்ரீரங்கம் வருவார். கையில் ஒரு பை காய்கறி இருக்கும். கோயிலுக்குப் போய்விட்டு வந்து அக்கா கையால் சாப்பிட்டு, ரசத்தில் குறை சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிடுவார். கல்யாணமான புதிதில் நான் அந்த வீட்டில் முதலில் கற்றுக்கொண்டதே சனிக்கிழமை ஓர் ஆளுக்குச் சேர்த்து உலை வைக்க வேண்டும் என்பதைத்தான்.

போன வருடம் மே மாதம் அத்தை எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தார். இங்கே காலைக் காப்பி நேரம், அங்கே சாயங்காலம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு துறையூரோடு சண்டை போடுவார். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் வீடு விழிக்கும்.

மாமாவின் மகன் சேகர் கூப்பிட்டது, நாங்கள் இரவுச் சாப்பாட்டை முடித்திருந்த நேரம். அத்தை டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். முரளி போனை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை என்று நான் பின்னால் போனேன். விடிகாலையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து, திருச்சிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. சேகர் அழுதுகொண்டே சொன்னான்.

"அத்தைகிட்ட இப்ப சொல்லாதீங்க மச்சான். ஸ்டென்ட் வச்ச உடம்பு. இங்க பெரியவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. ஊருக்கு வந்து சேரட்டும், பக்கத்துல உக்காந்து பக்குவமா சொல்லிக்கலாம்."

முரளி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

வேறு வழி என்ன இருந்தது என்று அன்றைக்கு இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எடுப்பது அன்று மாலையே. எந்த விமானம் பிடித்தாலும் முகம் பார்க்க முடியாது. அத்தையைத் தனியே அனுப்ப முடியாது. நடுவழி ஏர்போர்ட்டில் கேட் மாறினால் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு இங்கிலீஷ் வராது. முரளியோ நானோ கூடப் போகலாம் என்றால் இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. வெளியே போனால் சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் புது முத்திரை குத்தித்தான் திரும்ப முடியும். அதற்கு நேரம் கிடைக்க எத்தனை மாதம் ஆகும் என்று அந்த அலுவலகத்துக்கே தெரியாது. இங்கே அவருடைய ஆபீஸில் சாவு லீவு பெற்றவர்களுக்கு உண்டு, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உண்டு. தாய்மாமன் என்ற உறவே அவர்கள் விதியில் இல்லை. தன்னை மடியில் உட்காரவைத்துக் காது குத்திய மனிதரை இந்த ஊர் மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முரளி லீவே கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கெட்ட சேதியைத் தள்ளிப்போடுவது நம் ரத்தத்தில் ஊறியது. என் சின்ன வயதில் மருங்காபுரியிலிருந்து பெரியப்பா இறந்த சேதி வந்தபோது அப்பா பொன்மலை ஒர்க் ஷாப்பில் ஷிப்டில் இருந்தார். அம்மா ஆள் அனுப்பவில்லை. சைக்கிளில் வந்தவரைச் சிரித்து வரவேற்று, இலை போட்டு, மோர் வரைக்கும் பரிமாறி, கை கழுவிய பிறகுதான் சொன்னாள். அப்பா அதற்காக அம்மாவைக் கோபித்துக்கொண்டதில்லை. சாப்பிடட்டும், தூங்கி எழட்டும், பரீட்சை முடியட்டும் என்பதை அன்பு என்று நம்பித்தான் நாமெல்லாம் வளர்ந்திருக்கிறோம்.

3

மறுநாள் காலை அத்தை டம்ளரோடு உட்கார்ந்து துறையூருக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. முரளி அதற்குள் ஒரு பொய்யைத் தயார் செய்திருந்தார்.

"மாமாவுக்குத் தொண்டையில புண்ணாம்மா. ஒரு மாசத்துக்கு வாயே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். சேகர் ராத்திரி சொன்னான்."

"புண்ணு வராம என்ன பண்ணும். விடிஞ்சா எந்திரிச்சா கத்துற வாய். சாமியா பார்த்து மூடி வச்சிருக்கு." அத்தை சிரித்தார். பிறகு, "பேசத்தான கூடாது? கேக்கலாம்ல?" என்றார்.

அது எங்களுக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அத்தை தம்பிக்குக் குரல் பதிவாக அனுப்பத் தொடங்கினார். பதிலுக்குப் பேச ஆளில்லாத சண்டை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "இப்ப என்ன சொல்லுவ, சொல்லு பாப்போம்" என்று ஜெயித்துக்கொண்டே இருந்தார். நான் செய்தது, அவர் பார்ப்பதற்குள் அவர் போனிலிருந்து உறவுக்காரர்கள் வாட்ஸப் குரூப்பையே எடுத்துவிட்டதுதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அதில் வந்துவிட்டிருந்தது.

வீட்டில் இருந்தால் போன், போன் இருந்தால் பேச்சு, பேச்சு வந்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் அந்த நடுப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். வார நாட்களில் நான் பக்கத்து ஊர் ஏரிக்கும் பூந்தோட்டத்துக்கும் கூட்டிப் போவேன், சனி ஞாயிறு முரளி ஓட்டுவார்.

முதலில் போனது ஆப்பிள் தோட்டம். நம் ஜனங்களுக்கு ஆப்பிள் தோட்டம் என்றால் இங்கே திருவிழா மாதிரிதான். பார்க்கிங்கில் கார் கதவு திறந்தாலே புளியோதரை வாசனை வரும். மரம் தலைக்கு மேல் வளராது. நின்ற இடத்தில் கை நீட்டிப் பறிக்கலாம். அத்தை கூடை நிறையப் பறித்தார், தின்று பார்த்துப் புளித்ததை எனக்குக் கொடுத்தார். கடையில் ஒரு வைக்கோல் தொப்பி தொங்கியது. புடவையோடு அதை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்று, "எடு கவிதா, ரத்தினத்துக்கு அனுப்பலாம்" என்றார். முன்பல் தெரியச் சிரிக்கிற போட்டோ அது. என் கண் முன்னாலேயே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது.

"பாத்துட்டான். பொறாமையில வயிறு எரிஞ்சிருக்கும்."

அன்றைக்குத் துறையூரில் பால் தெளித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். மாமாவின் போன் சேகரிடம் இருக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை.

4

இங்கே ஒரு பெருமாள் கோயில் இருக்கிறது. புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒன்றில், தம்பி தொண்டை ஆற வேண்டும் என்று அத்தை மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வது? முரளியிடம் தனியே கேட்டேன். "என்ன காரணம் சொல்லுவ?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அரிசியை ஊறவைத்து, இடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றினோம். தீயணைப்புக்காரர்கள் விதிப்படி கோயிலுக்குள் சுடர் ஏற்றக் கூடாது. பார்க்கிங் ஓரத்தில் தகரம் வேய்ந்த ஓர் இடத்தைக் காட்டினார்கள். கடல்காற்று விடவில்லை. அத்தை முந்தானையைப் பிடித்து மறைத்து, திரி நின்று எரியும் வரைக்கும் குனிந்தே நின்றார். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது "ரத்தினம்" என்று சொன்னார், நட்சத்திரமும் சொன்னார். அர்ச்சகர் நல்ல குரலில் நீண்ட ஆயுளுக்கு வேண்டிக்கொண்டார். 

அங்கிருந்து நேராகச் சோளக்கொல்லைக்குப் போனோம். ஆளுயரச் சோளத்துக்குள் வளைந்து வளைந்து பாதை வெட்டிவைத்து, உள்ளே போய் வழி தெரியாமல் தவிப்பதை இங்கே விளையாட்டு என்கிறார்கள். அத்தை பத்தடி போய்விட்டு நின்றார்.

"மாடு பூந்த கொல்லை மாதிரி இருக்கு. இதுக்கு டிக்கெட் வேறயா? ரத்தினம் வந்தா இது என்ன ரகம், யாரு விதைன்னு கேட்டுப் பிராணனை வாங்கிருவான்."

நான் சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. பொய் சொல்கிறவர்களுக்குப் பொய் பழகிவிடுகிறது. சில நேரம் மாமா தொண்டைப் புண்ணோடு துறையூரில் இருக்கிறார் என்று நானே நம்பினேன்.

அடுத்து கலங்கரை விளக்கம். முட்டிவலியோடு மேலே வரைக்கும் ஏறினார். உச்சியில் நின்று, போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டு, "ரத்தினம், நாலு பக்கமும் தண்ணிதான். கொள்ளிடத்துல வெள்ளம் வந்தப்பகூட இப்படிப் பார்த்ததில்ல. அடுத்த தடவை உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லுறேன்" என்றார். கீழே இறங்கியதும் முரளியிடம் கேட்டார், "பேசத்தான் வேணாம், ஒரு பொம்மையாவது போடக் கூடாதா அவன்?"

அன்று மாலை மாமாவின் எண்ணிலிருந்து கைகூப்பிய பொம்மை ஒன்று வந்தது. முரளி கேட்டுக்கொண்டதற்காகச் சேகர் அனுப்பியது. அத்தை அதை எங்கள் எல்லோருக்கும் காட்டினார். "கும்பிடு போட்டிருக்கான் பாரு. இந்த ஜென்மத்துல எனக்குக் கும்பிடு போட்டது இதுதான் மொதல் தடவை."

5

எங்கள் மகள் நிலாவுக்குப் பதினான்கு வயது. தமிழ் காதுக்கு வரும், வாய்க்கு முழுசாக வராது. ஆப்பிள் தோட்டத்துக்கு வந்தவள் அதற்கப்புறம் எங்களோடு எங்கேயும் வரவில்லை. ஹோம் ஒர்க் என்பாள், தலைவலி என்பாள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அது அவங்க தம்பிம்மா. அவங்க ஸாட் ஆகணும்னா ஆகட்டும். நீங்க ஏன் டிசைட் பண்றீங்க?"

"பாட்டிக்கு உடம்பு தாங்காதுடி."

"லைட்ஹவுஸ் மேல ஏறினாங்கன்னு சொன்னியே. அதை எப்படித் தாங்கினாங்க?"

நான் அவளைத் திட்டினேன். உங்களுக்கெல்லாம் பாசம்னா என்னன்னு தெரியாது, இந்த ஊரு அப்படி வளர்த்துருச்சு என்று என் அம்மா குரலில் பேசினேன். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் நம் கையைவிட்டுப் போவதைப் பற்றி இங்கே உள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடும்போதெல்லாம் புலம்புவோம். அன்றைக்கு அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தேதான் திட்டினேன்.

6

அத்தை ஊருக்குக் கிளம்ப இன்னும் ஒரு வாரம்தான். திருச்சி தில்லைநகரில் வீடு இருக்கிற ஒரு குடும்பம் போகிறது, அவர்களோடு அனுப்புவதாக ஏற்பாடு. மாமாவின் கருமாதியும் முடிந்திருந்தது. கரை தெரிகிறது என்று நாங்கள் நினைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசியாக ஒரு ஊர்ச் சந்தைக்குப் போனோம். பூசணிக்காய் எடை போடும் சந்தை. ஒவ்வொரு காயும் படுத்த எருமை அளவு இருந்தது. ஃபோர்க் லிஃப்ட் வைத்துத் தூக்கினார்கள். அத்தை வாயில் கைவைத்து நின்றார். பக்கத்திலேயே அந்தக் காயின் விதையைப் பொட்டலமாக விற்றார்கள்.

"கவிதா, இதை ரெண்டு பாக்கெட் வாங்கு. அவன் கொல்லையில போட்டுப் பாக்கட்டும். காய்ச்சா கடை வாசல்ல வச்சுருவான், துறையூரே வந்து பாக்கும்."

நான் பணம் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"நீங்க சீரங்கம் சரோஜாக்கா தானே?"

அத்தை வயதுதான் இருக்கும். ஸ்வெட்டருக்குள் சுங்குடிப் புடவை. துறையூர்க்காரம்மா, மகளும் மருமகனும் இங்கே வேலை பார்க்கிறார்களாம். ரத்தினம் அண்ணன் கடையில் அத்தையைப் பார்த்திருக்கிறாராம். அத்தைக்கு முகம் மலர்ந்தது. இவ்வளவு தூரத்தில் தம்பி பெயரைச் சொல்லி ஒருவர் அடையாளம் கண்டுகொள்வது சின்ன விஷயமா? நான் முன்னால் போய்ப் பேச்சை மாற்றுவதற்குள் அந்தம்மா அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் போன சேதி கேட்டு எங்க வீட்ல யாரும் சாப்பிடலக்கா. நல்ல மனுசன். பஸ் ஸ்டாண்டு கடையெல்லாம் அடைச்சுட்டாங்களாம். கூடப்பொறந்த நீங்க இங்க மாட்டிக்கிட்டீங்களேன்னு அன்னிக்கே எங்க மககிட்ட சொன்னேன்."

முரளி இரண்டடி தள்ளி நின்றிருந்தார். அத்தை அந்தம்மாவையே பார்த்தார். பிறகு முரளியைப் பார்த்தார். மகன் முகத்தில் அவருக்கு எல்லாம் கிடைத்திருக்க வேண்டும்.

"ஆமாம்மா," என்றார். "டிக்கெட் கிடைக்கல."

"அதான பார்த்தேன்."

"கருமாதிக்குக் கூட்டம் வந்துச்சாமா?"

"நல்ல கூட்டமாம்க்கா. எங்க தம்பி போயிட்டு வந்துருக்கான்."

"வராம இருப்பாங்களா. எல்லாருக்கும் நல்லதுதான் செஞ்சான்." அத்தை கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நாங்க கிளம்புறோம்மா. குளிருது."

ஊர்க்காரி முன்னால் மகனை விட்டுக்கொடுக்கவில்லை. தம்பி இறந்த சேதியையும், அவன் காரியம் முடிந்த சேதியையும், தெரிந்த மாதிரியே நின்று கேட்டு வாங்கிக்கொண்டார். விதைப் பொட்டலம் கடைக்காரர் மேஜையிலேயே கிடந்தது.

காரில் முரளி, "அம்மா" என்று ஆரம்பித்தார்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு," என்றார் அத்தை.

7

வீட்டுக்கு வந்ததும் பச்சைத்தண்ணீரில் தலைக்குக் குளித்தார். துவட்டாத தலையோடு ஹாலில் தரையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். முரளி சமையலறை வாசலில் நின்றார்.

"என்னிக்கு?"

நான் தேதி சொன்னேன். போனை என்னிடம் நீட்டினார். "போட்டோ எல்லாத்தையும் வரிசையா காட்டு."

காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான். "இது முன்னாடியா, பின்னாடியா?" வைக்கோல் தொப்பி. பின்னாடி, அத்தை. மாவிளக்கு. பின்னாடி. சோளக்கொல்லை. பின்னாடி. கலங்கரை விளக்கம். பின்னாடி. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கடைசியில் தொப்பி போட்டோவுக்கே திரும்பினார்.

"இது போனப்ப அங்க என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு?"

"பால் தெளிச்சுட்டு வந்திருந்தாங்க."

"அவன் போனு யாருகிட்ட இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. முரளிதான் மெல்லச் சொன்னார். "மாமி வச்சிருக்காங்கம்மா. மாமா குரல் அதுல இருக்குன்னு யாருகிட்டயும் குடுக்கலையாம். அந்தக் கும்பிடு போடத்தான் சேகர் ஒரு நிமிஷம் கெஞ்சி வாங்கினானாம்."

மாமி என்றால் ரத்தினம் மாமாவின் மனைவி. நீலக் கோடு அவர் பார்த்த கோடு. தாலி இறங்கிய வீட்டில் உட்கார்ந்து, நாத்தனார் தொப்பி போட்டுச் சிரிப்பதை, "இப்ப என்ன சொல்லுவ, சொல்லு பாப்போம்" என்று பேசுவதை, அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தும் கேட்டும் இருக்கிறார்.

அத்தை அழுவார் என்று காத்திருந்தோம். மாத்திரை, தண்ணீர், ஆம்புலன்ஸ் எண் எல்லாம் கையில் வைத்திருந்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சும் வலிக்கவில்லை, மயக்கமும் வரவில்லை. அதுதான் எங்களுக்குப் பெரிய அடி. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தோமோ, அது நடக்கவே இல்லை.

"அழுங்கம்மா," என்றார் முரளி. அவர்தான் அழுதுகொண்டிருந்தார்.

"யாருகூட அழுவுறது?" என்று கேட்டார் அத்தை. "அங்க எல்லாரும் கட்டிப் பிடிச்சு அழுது முடிச்சுட்டாங்க. அவங்க அழுதப்ப நான் ஆப்பிள் தின்னுக்கிட்டு இருந்தேன். இப்ப நான் ஒருத்தி போய் ஒப்பாரி வச்சா, நடிக்கிறேன்னுதான தோணும்?"

நிலா மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவளிடம் கேட்டார், "உனக்கும் தெரியுமா?" அவள் தலையாட்டினாள்.

8

ஊருக்குப் போன மறுநாளே அத்தை துறையூர் போனார். அங்கே நடந்ததைச் சேகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மாமி அத்தையை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, போனைத் திறந்து அந்தப் போட்டோக்களைக் காட்டி, "அந்த ஊர்ல இலையெல்லாம் இப்படித்தான் சிவப்பா இருக்குமா அண்ணி?" என்று கேட்டாராம். அத்தை "ஆமா" என்றாராம். அதன் பிறகு அத்தை துறையூருக்குப் போகவே இல்லை.

இந்த ஒரு வருடத்தில் முரளி எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டார். "நீ என்னப்பா பண்ணுவ, நல்லதுக்குத்தான செஞ்ச" என்கிறார் அத்தை. கோபப்பட்டால் சமாதானம் செய்யலாம். கோபமே இல்லாதவரை என்ன செய்வது? வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறார், அதுவும் நாங்கள் கூப்பிட்டால்தான். வீடியோவில் வருவதில்லை, கண் கூசுகிறதாம். உடம்பு எப்படி என்றால் நல்லா இருக்கு. சாப்பிட்டீங்களா என்றால் ஆச்சு. மழை பெய்ததா என்று கேட்டால்கூட, எல்லாம் நல்லா இருக்கு என்று பதில் வருகிறது.

என் பக்கமும் கெட்டுப்போய்விட்டது. ஒருநாள் பொன்மலையில் இருக்கிற என் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்தேன், நிலா கேட்டாள்: "தாத்தா நல்லா இருக்கார்னு சொன்னாங்களா? அது ரியலா?" நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

9

போன சனிக்கிழமை புரட்டாசி பிறந்து முதல் சனி. அத்தை கோயிலுக்குப் போய் வந்திருப்பார் என்று முரளி கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். போகவில்லை, கூட்டமாக இருக்கும் என்றார். சமையல் என்ன என்று கேட்டதற்கு, தயிர்சாதம், ஒருத்திக்கு என்ன என்றார். வைக்கப் போகும்போது, மறந்துபோன ஏதோ ஒன்று ஞாபகம் வந்த மாதிரி சொன்னார்.

"முரளி, உனக்கு ஒண்ணு சொல்லிரணும்னு இருந்தேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உடனே உனக்குச் சொல்ல வேணாம்னு சேகர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். கொள்ளி போடுறதுல இருந்து கருமாதி வரைக்கும் அவனே பாத்துக்கிடுவான். எல்லாம் முடிஞ்சு, பக்குவமா நேரம் பார்த்து உனக்குச் சொல்லுவான்."

"என்னம்மா பேசுறீங்க? நான் ஒரே புள்ளை."

"அதனாலதான் சொல்றேன். நீ பதறி அடிச்சு ஓடி வந்தாலும் முகம் பாக்க முடியாது. முத்திரை அது இதுன்னு அல்லாடுவ. வேலை போயிரும். அந்த நேரத்துல நீங்க பிள்ளையோட எங்கயாச்சும் நல்லா சுத்திப் பார்த்துக்கிட்டு இருங்க. எனக்கு அதுதான் சந்தோஷம்."

அவர் குரலில் குத்தல் இல்லை. நான் கவனமாகக் கேட்டேன். தான் பெற்ற அன்பைத்தான் திருப்பிக் கொடுக்கிறார் என்று அவர் நம்புகிறாரோ, தெரியவில்லை. முரளி பதில் சொல்வதற்குள் "வச்சுடுறேன்பா" என்று வைத்துவிட்டார்.

முரளி உடனே சேகரைக் கூப்பிட்டார். கெஞ்சினார், அதட்டினார், அத்தை பேச்சைக் கேட்காதே என்றார். கடைசியில் சேகர் சொன்னான்: "கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க மச்சான். நான் மீற முடியாது. வேணும்னா ஒண்ணு செய்றேன். தினமும் காலைல அத்தை நல்லா இருக்காங்கன்னு உங்களுக்கு மெசேஜ் போட்டுடுறேன்."

அன்றிலிருந்து தவறாமல் வருகிறது. முரளி எழுந்ததும் அதைப் படிக்கிறார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பிறகு குளித்து வேலைக்குக் கிளம்புகிறார். இன்று காலையும் வந்தது: அத்தை நல்லா இருக்காங்க மச்சான்.